பொய் சொல்லாத தராசு: நடைபழகும் குழந்தைகள் வெளியில் அளந்து விளையாடக் கருவி செய்தல்

ஒன்றரை வயதுக் குழந்தை ஒரு கையில் கூழாங்கல்லும் மறு கையில் காய்ந்த சருகுமாக நின்று மாறிமாறிப் பார்த்தால், அது எடை போட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். எண் தெரியாது, அலகு தெரியாது. எது கனம் என்பது மட்டும் கைக்குத் தெரியும். அளவை இப்படி ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. ஸ்கேலும் லிட்டரும் பல வருடம் கழித்து வருபவை. அதனாலேயே "இந்த வயதுக்கு இது போதும்" என்று கருவியை ஏனோதானோவென்று செய்துவிடக் கூடாது. தராசு கோணினால் பெரியவர்கள் தராசைச் சந்தேகப்படுவோம். இரண்டு வயதுப் பிள்ளை அப்படிச் சந்தேகப்படாது. கல்லை விடச் சருகு கனம் என்று தராசு காட்டினால் குழம்பிப்போய் விளையாட்டை விட்டு எழுந்துவிடும், அல்லது காட்டியதை அப்படியே நம்பிவிடும்.

இங்கே முக்கியமாக மூன்று கருவிகளைச் செய்கிறோம்: அணைப்பலகையோடு ஒரு குச்சித் தொகுப்பு, வழிதுளை போட்ட கோப்பைகள், ஒரு தொங்கு தராசு. ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயது வரை இவை ஈடுகொடுக்கும். வேண்டிய ஆயுதங்கள் ரம்பம், டிரில், அரம், உப்புத்தாள், சமையலறை அளவுக் குவளை ஒன்று, சரிபார்க்க ஒரு அளவு டேப். மூன்றையும் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டியதில்லை. குச்சியும் பலகையும் ஒரு மணி நேர வேலை. தராசுதான் நேரம் பிடிக்கும்.

முதலில் ஒரு வளையம்

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை எதையும் வாயில் வைத்துத்தான் முதலில் சோதிக்கும். விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் கூடங்களில் இதற்காக ஒரு உருளை வைத்திருப்பார்கள். அதன் குறுக்களவு 31.7 மி.மீ. அதற்குள் முழுதாக அடங்குவது எதுவும் மூன்று வயதுக்குக் கீழே கொடுக்கத் தகாதது. உருண்டைப் பொருள்களுக்கு இந்த வரம்பு இன்னும் பெரியது, 44.5 மி.மீ.; உருண்டையானது தொண்டையை ஒட்டி முழுக்க அடைத்துவிடும், மூச்சுக்கு இடுக்கு மிஞ்சாது. வீட்டில் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டு திணற வேண்டாம். கெட்டி அட்டையிலோ மெல்லிய பலகையிலோ 5 செ.மீ. குறுக்களவில் ஒரு துளை வெட்டிக்கொள்ளுங்கள். சேகரித்த கல், காய், கூம்பு, மரத்துண்டு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பி அந்தத் துளையில் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கமாக வைத்தாலும் துளையில் விழாதவை மட்டுமே குழந்தையின் கூடைக்குள் போகும்.

மேல்வரம்பும் உண்டு. 300 கிராமுக்கு மேற்பட்ட கல்லைத் தவிர்த்துவிடுங்கள். இந்த வயதில் பொருளை வைப்பதும் போடுவதும் எறிவதும் ஒன்றுதான், கால்விரல் தாங்காது. உளுத்த மரம், சிலாம்பு எழும் பட்டை, வெடித்து விளிம்பு கூரான கல் ஆகியவையும் வேண்டாம். விதைகளில் ஆமணக்கும் குன்றிமணியும் கடும் நஞ்சு. அரளியும் ஊமத்தையும் இலையிலிருந்து விதை வரை நஞ்சு. குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் பிள்ளையின் கண்ணைச் சுண்டி இழுக்கும் என்பதால், விளையாடும் இடத்தைச் சுற்றி அந்தக் கொடி இருக்கிறதா என்று முதலிலேயே நோட்டமிட வேண்டும். பெயர் தெரியாத செடியின் காயும் விதையும் கூடைக்கு வேண்டாம்.

நீரைப் பற்றி ஒரே விதி: 5 செ.மீ. நீரிலும் நடைபழகும் குழந்தை மூழ்க முடியும். தலை கனம் என்பதால் வாளிக்குள் கவிழ்ந்தால் தானாக நிமிர்ந்து எழ முடியாது. பெரியவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்வரைதான் தொட்டியில் நீர் இருக்க வேண்டும். எழுந்து போகும்போது கவிழ்த்துவிட்டுப் போங்கள். கதவு தட்டினாலும், போன் அடித்தாலும் அப்படித்தான்.

குச்சிகளும் அணைப்பலகையும்

காய்ந்து விழுந்த கிளைகளில் நேரானதாக, ஒரே பருமனில், 2 முதல் 3 செ.மீ. தடிப்பில் தேர்ந்தெடுங்கள். பருமன் ஒன்றாக இருப்பது அழகுக்காக இல்லை. ஒரு குச்சி நீளமாகவும் இன்னொன்று தடிமனாகவும் இருந்தால் எது "பெரிசு" என்பதற்கு இரண்டு விடை வந்துவிடும். மாறுவது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், அது நீளம். குழந்தைக் கல்வி முறை ஒன்றை வகுத்த மரியா மாண்டிசோரியின் சிவப்புக் கோல்கள் 10 செ.மீ. தொடங்கி 1 மீட்டர் வரை பத்து கோல்களும் ஒரே தடிப்பில் இருப்பதற்கு இதுவே காரணம்.

பட்டையை உரித்து, இரண்டு மூன்று வாரம் நிழலில் உலர்த்தி, அப்புறம் வெட்டுங்கள். பச்சை மரம் காயும்போது நீளவாக்கில் சுருங்குவது மிகக் குறைவு, ஆனால் வளையும், முனை வெடிக்கும். முதல் தொகுப்புக்கு மூன்றே குச்சி: 10, 20, 40 செ.மீ. ஒவ்வொன்றும் முந்தியதைப் போல இரண்டு மடங்கு என்பதால் ஒன்றரை வயதுக் கண்ணுக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். இரண்டே கால் வயது வாக்கில் 30 செ.மீ. குச்சியைச் சேர்க்கலாம். 40-ஐத் தாண்ட வேண்டாம். அதற்கு மேல் போனால் பிள்ளை ஓடும்போது குச்சியின் மறு முனை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது, பக்கத்துப் பிள்ளையின் கண்ணுக்கு ஆபத்து. இரு முனைகளையும் அரத்தால் உருட்டி, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து முடியுங்கள். உருட்டிய பிறகு நீளம் 3, 4 மி.மீ. குறையும் என்பதால் வெட்டும்போதே அதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

குச்சியைத் தரையில் போட்டு ஒப்பிடச் சொன்னால் சிக்கல் உடனே தெரியும். பிள்ளை ஒரு முனையை மட்டுமே பார்க்கும். 20 செ.மீ. குச்சியை மேலே தள்ளி வைத்துவிட்டால் அதன் தலை 40 செ.மீ. குச்சியின் தலையைத் தாண்டி நிற்கும், "இதுதான் நீளம்" என்று சின்னதைத் தொடும். இது பிள்ளையின் பிழை இல்லை. அடிமுனைகள் ஒரே கோட்டில் நின்றால்தான் ஒப்பீடு செல்லும் என்பது வயதேற வரும் புரிதல். அதுவரை அந்த வேலையைக் கருவி செய்யட்டும். 50 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலப் பலகை ஒன்றின் 30 செ.மீ. விளிம்பில் 3 செ.மீ. உயரச் சட்டம் ஒன்றைத் திருகாணியால் பொருத்துங்கள். இதுதான் அணைப்பலகை. எந்தக் குச்சியையும் சட்டத்தில் போய் முட்டும்வரை தள்ள வேண்டும், அவ்வளவுதான். "இடி!" என்று சொன்னால் போதும், தள்ளி முட்டவைப்பதையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொள்ளும்.

பலகையைச் சட்டம் இருக்கும் பக்கம் தாழ்ந்திருக்குமாறு ஒரு செங்கல் கொடுத்துச் சாய்த்து வைத்தால் குச்சிகள் தாமாகவே சறுக்கி முட்டி நிற்கும். சட்டம் சரியாகச் செங்கோணத்தில் இல்லையென்றால் ஓரத்துக் குச்சி தள்ளி நிற்கும். மூலைமட்டம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருகாணியை இறுக்குங்கள்.

இந்தப் பலகை வந்தபிறகு பிள்ளை கொண்டுவரும் எல்லாமே அதில் ஏறும்: புல் தண்டு, உதிர்ந்த நெற்று, தன் செருப்பு, தன் முழங்கை. முழங்கையை வைப்பதைத் தடுக்காதீர்கள். தன் உடம்பை அளவாக வைப்பது இந்த வயதின் இயல்பு.

வழிதுளைக் கோப்பைகள்

தண்ணீர் ஊற்றும் விளையாட்டுக்குக் கையில் கிடைத்த டம்ளரை எடுத்துக் கொடுப்போம். விளையாட அது போதும், அளக்கப் போதாது. வாய் 9 செ.மீ., அடி 6 செ.மீ., உயரம் 10 செ.மீ. உள்ள சரிந்த கோப்பையில் பாதி உயரம் வரை நீர் ஊற்றினால், உள்ளே இருப்பது முழுக் கொள்ளளவில் 40 சதவீதம்தான். "பாதி, பாதி, ரெண்டு பாதி சேர்ந்து முழுசு" என்று ஊற்றிக் காட்டினால் கோப்பை நிறையாது. பக்கம் நேராக நிற்கும் பாத்திரம்தான் வேண்டும். மேலிருந்து கீழ் வரை ஒரே குறுக்களவு உள்ள டப்பாக்களைத் தேடி எடுங்கள்.

இரண்டு வயதுக் கை கோப்பையை மட்டமாக நிரப்பாது. வழியும், அல்லது முக்காலில் நிற்கும். அதனால் மட்டம் பிடிக்கும் வேலையை ஒரு துளைக்கு விட்டுவிடலாம். டப்பாவின் பக்கச் சுவரில், வேண்டிய மட்டத்தில் ஒரு துளை. பிள்ளை எவ்வளவு ஊற்றினாலும் மிஞ்சியது துளை வழியே ஓடிவிடும். உள்ளே நிற்பது எப்போதும் ஒரே அளவு. துளையிலிருந்து நீர் பீய்ச்சுவது கூடுதல் குஷி.

செய்யும் முறை: 8 செ.மீ. குறுக்களவுள்ள டப்பாவில் 250 மி.லி. நீர் ஏறக்குறைய 5 செ.மீ. உயரம் நிற்கும். துளையை அதைவிட 5 மி.மீ. மேலே, 6 மி.மீ. டிரில் அலகால் போடுங்கள். இப்போது டப்பாவை மட்டமான இடத்தில் வைத்து, துளைக்கு மேல் வரை நீர் ஊற்றி, சொட்டு நிற்கும்வரை காத்திருந்து, டப்பாவுக்குள் நிற்கும் நீரை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். கூடுதலாக இருக்கும். துளையின் கீழ் விளிம்பை உருண்டை அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக் கீழே கொண்டுவாருங்கள். இந்தக் குறுக்களவில் மட்டம் 1 மி.மீ. இறங்கினால் 5 மி.லி. குறையும். கூட இருந்தால் தேய்க்கலாம், குறைந்துபோனால் டப்பா வீண். அதனால்தான் மேலிருந்து கீழே வருகிறோம்.

துளை சிறுத்தால் வேறு தொல்லை வரும். 2, 3 மி.மீ. துளையில் நீரின் பரப்பு இழுவிசை ஒரு தோல்போல் நின்று நீரைத் தடுத்துவிடும். துளைக்கு மேல் சில மி.மீ. நீர் நின்றபடியே இருக்கும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவில். 6 மி.மீ.க்குக் குறையாத துளையும், வெளிப்பக்கம் விளிம்பில் பிசிறில்லாத முடிப்பும் இதைத் தீர்க்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அளவு மாறும், சோப்புப் போட்டு ஒருமுறை கழுவிவிடுங்கள்.

தொகுப்பில் மூன்று அளவு: 250, 500, 1000 மி.லி. 250-க்கு மட்டும் இரண்டு டப்பா செய்யுங்கள். சிறியது இரண்டு சேர்ந்தால் நடுவானது, நடுவானது இரண்டு சேர்ந்தால் பெரியது. நடுவானதிலும் பெரியதிலும் வழிதுளை வேண்டாம், உட்பக்கம் ஒரு வண்ண டேப் வரி போதும். அவை வாங்கும் பாத்திரங்கள், அளக்கும் பாத்திரம் சிறியதுதான். பெரியதை முழுக்க நிரப்பினால் ஒரு கிலோ என்பதை மறக்காதீர்கள். பிள்ளை தூக்காது, கவிழ்த்துக்கொள்ளும். அதைத் தரையில் 10 செ.மீ. குழி வெட்டிப் பதித்துவிட்டால் கவிழாது, ஊற்ற உயரமும் வாகாக இருக்கும். முடிந்ததும் எடுத்துக் கொட்டிவிட வேண்டும்.

அதே நீரை ஒல்லியான உயரப் பாட்டிலில் மாற்றினால், "நிறைய ஆயிடுச்சு" என்று பிள்ளை சொல்லும். உளவியலாளர் ஜான் பியாஜே விவரித்த புகழ்பெற்ற நிலை இது. பாத்திரம் மாறினாலும் நீரின் அளவு மாறாது என்பது ஏறக்குறைய ஆறு, ஏழு வயதில்தான் பிள்ளைகளுக்கு உறுதிப்படுகிறது. இரண்டு வயதில் விளக்கிப் பயனில்லை, திருத்தவும் தேவையில்லை. திரும்பப் பழைய டப்பாவில் ஊற்றி, அதே டேப் வரியில் வந்து நிற்பதைப் பார்க்கவிட்டால் போதும்.

மணல் செய்யும் குறும்பு

மணலை அதே கோப்பையால் அளந்தால் கணக்கு உதைக்கும். காய்ந்த மணல் பத்துக் கோப்பை எடுத்து, லேசாக நீர் தெளித்துக் கிளறிவிட்டுத் திரும்ப அளந்து பாருங்கள்: பன்னிரண்டு கோப்பை ஆகிவிடும். ஈரம் மணிகளுக்கு இடையே மெல்லிய படலமாக நின்று அவற்றை விலக்கி நிறுத்துவதால் லேசான ஈர மணலின் பருமன் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். கட்டட வேலையில் மணலைக் கன அளவில் வாங்குபவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். நீர் முழுக்க நின்று தொப்பலானால் படலம் கலைந்து மணல் பழையபடி அமுங்கிவிடும். ஆகவே ஓர் அமர்வில் ஒரே நிலை மணல்: ஊற்றி அளக்க முற்றிலும் காய்ந்தது, வாளியைக் கவிழ்த்து உருவம் எடுக்க ஈரமானது. ஈரம் சரியா என்று பார்க்க உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது.

கழுவிச் சலித்த, மணி உருண்ட மணல்தான் பிள்ளைகளுக்கு. உடைத்த கல் தூள் வேண்டாம். அதன் நுண்தூசி மூச்சில் போகும், முனையும் கூர். ஊற்றும்போது புகைபோலத் தூசி எழுந்தால் இன்னொரு முறை அலசுங்கள். மணலைக் கோப்பையில் மட்டம் வழிக்க 10 செ.மீ. குச்சியே போதும், மட்டம் வழிப்பதைப் பிள்ளைகள் இரண்டரை வயதில் தாங்களாகவே கேட்டு வாங்கிச் செய்வார்கள்.

தொங்கு தராசு

மூன்று கருவிகளில் இதற்கே அதிக வேலை. பிள்ளைகள் அதிக நேரம் நிற்பதும் இதன் முன்னால்தான்.

வாளிகள் தொங்கும் குறுக்குக் கோலுக்கு 60 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. தடிப்புள்ள, முடிச்சில்லாத மரச்சட்டம். 6 மி.மீ. போல்ட் ஒன்று, அதற்கேற்ற நட்டும் வாஷரும் சில. ஒரே மாதிரி கைப்பிடி வைத்த 1 லிட்டர் பிளாஸ்டிக் வாளி இரண்டு, எஸ் கொக்கி இரண்டு. நிறுத்த ஒரு 70 செ.மீ. கம்பமும் 40 செ.மீ. சதுரப் பலகையும், பலகையின்மேல் இரண்டு செங்கல் வைத்தால் ஆடாது.

சட்டத்தைப் படுக்கவைத்து நீளத்தின் நடுவில் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின்மேல், மேல் விளிம்பிலிருந்து 13 மி.மீ. கீழே, 8 மி.மீ. துளை. கோலின் அகல நடு 25 மி.மீ.யில் இருப்பதால் துளை நடுவைவிட 12 மி.மீ. மேலே அமைகிறது. இந்த 12 மி.மீ.யில்தான் தராசின் உயிர் இருக்கிறது. துளையைச் சரியாக நடுவில் போட்டால் கோல் எந்தச் சாய்விலும் அப்படியே நின்றுவிடும், மட்டத்துக்குத் திரும்பாது. நடுவுக்குக் கீழே போட்டால் இன்னும் மோசம்: சரியாகச் சமமான எடை வைத்தாலும் ஒரு பக்கம் குப்புறக் கவிழும். மிக மேலே போட்டால் கோல் சோம்பேறியாகிவிடும், சிறு வித்தியாசத்துக்குக் கொஞ்சமே சாயும். 12 மி.மீ.யில், இரு பக்கமும் 200 கிராம் சரக்கோடு, 20 கிராம் வித்தியாசத்துக்கு 20 பாகைக்குமேல் சாயும். 5 கிராமும் கண்ணுக்குத் தெரியும். இரண்டு மூன்று கிராமை போல்ட்டின் உராய்வு விழுங்கிவிடும், அது போகட்டும்.

வாளி தொங்கும் துளைகள் நடுத்துளையிலிருந்து இரு பக்கமும் சரியாக 28 செ.மீ.யில், அகலத்தின் நடுவில், அதாவது மேல் விளிம்பிலிருந்து 25 மி.மீ.யில். இந்த 28 செ.மீ.யை சட்டத்தின் முனையிலிருந்து அளக்காதீர்கள், நடுத்துளையின் மையத்திலிருந்து அளந்துகொள்ளுங்கள். ஒரு பக்கம் 28, மறுபக்கம் 29 என்று ஆகிவிட்டால், வாளியும் சரக்கும் சேர்ந்து 300 கிராமுக்கு 10 கிராம் பொய் சொல்லும். முனைத்துளைகள் நடுத்துளையைவிட மேலே அமைந்தாலும் கோல் கவிழும் குணம் பிடித்துக்கொள்ளும்.

வாளிகளைக் கோலில் ஒட்டவோ ஆணியடிக்கவோ கூடாது. துணி மாட்டும் ஹேங்கரின் இரு முனையிலும் கோப்பையை டேப்பால் ஒட்டிச் செய்யும் தராசுகள் தோற்பது இங்கேதான். இறுக்கி ஒட்டிய கோப்பைக்குள் கல்லை வெளிப்பக்கம் நகர்த்தினால் கனம் கூடியதுபோலக் காட்டும், உள்பக்கம் நகர்த்தினால் குறைந்ததுபோல. வாளி கைப்பிடியில், ஒரே புள்ளியில், தாராளமாக ஆடித் தொங்கினால் கல் வாளிக்குள் எந்த மூலையில் கிடந்தாலும் எடை ஒன்றே. கயிறு கட்டி மாட்டாமல் கொக்கியும் கைப்பிடியும் வைப்பதற்கு இன்னொரு காரணம் கழுத்து. இந்த வயதுப் பிள்ளைக்கு எட்டும் இடத்தில் ஒரு சாணுக்கு மேற்பட்ட கயிறு தொங்கவே கூடாது.

கோலுக்கும் கம்பத்துக்கும் இடையே வாஷரும் நட்டும் வைத்து 15 மி.மீ. இடைவெளி விடுங்கள். 5 மி.மீ.க்கும் 12 மி.மீ.க்கும் இடைப்பட்ட இடுக்கில்தான் குழந்தை விரல் நுழைந்து நசுங்கும். கடைசி நட்டைக் கோல் தடையின்றி ஆடும் அளவுக்குத் தளர்வாக விட்டு, இரண்டாவது நட்டால் பூட்டுங்கள். கோல் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருந்தால் வாளியின் வாய் இரண்டு வயதுப் பிள்ளையின் இடுப்புக்கு வரும். உள்ளே எட்டிப் பார்க்கலாம். கோல் 30 பாகைக்குமேல் சாயாமல் தடுக்கக் கம்பத்தின் இரு பக்கமும் ஒரு சிறு மரக்கட்டை வைத்துவிடுங்கள், இல்லையென்றால் கனமான கல்லைப் போட்டதும் எதிர்ப்பக்கம் முகத்தில் அடிக்கும்.

இப்போது சரிபார்ப்பு. வெறும் வாளிகளை மாட்டுங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால், உயர்ந்து நிற்கும் வாளியின் அடிப்பக்கத்தில் களிமண்ணை அப்பிச் சமன் பார்த்து, அந்தக் களிமண் எடைக்கு ஒரு வாஷரை நிரந்தரமாகத் திருகிவிடுங்கள். பலரும் இத்துடன் நிறுத்திவிடுவார்கள். வெறும் தராசு மட்டமாக நிற்பதால் கைகள் சமம் என்று ஆகிவிடாது. களிமண் அந்தக் குறையை மூடி மறைத்திருக்கலாம். ஆகவே ஒரு வாளியில் 250 மி.லி. நீர் ஊற்றி, மறு வாளியில் கூழாங்கற்களைப் போட்டுச் சமன் செய்யுங்கள். பிறகு நீரையும் கற்களையும் இடம் மாற்றுங்கள். கோல் அப்போதும் மட்டமாக நின்றால் தராசு உண்மை பேசுகிறது. சாய்ந்தால் கை நீளம் தவறு. சாய்ந்த பக்கத்துக் கைதான் நீண்டது, அந்தத் துளையை உள்பக்கமாக அரத்தால் இழுங்கள்.

காற்றடிக்கும் நாளில் வெறும் வாளிகள் பாய்மரம்போல ஆடும். சுவரோரம் வையுங்கள், இரு வாளியிலும் 100 கிராம் தட்டைக் கல் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். கூர்மை சற்றுக் குறையும், ஆட்டம் நிற்கும்.

முதல் நாள்களில் பிள்ளை ஒரே வாளியில் எல்லாவற்றையும் போடும். பிள்ளைக்கு அது தராசு இல்லை, இறங்கும் வாளி. விடுங்கள், இறங்குவதும் ஏறுவதும் கைக்குப் பழகட்டும். பிறகு கண்ணைக் குழப்பும் பொருள்களைக் கூடையில் வையுங்கள்: பெரிய ஊசியிலைக் கூம்பும் சின்ன ஆற்றுக்கல்லும், முழ நீளக் காய்ந்த நெற்றும் ஒரு உருண்டைக் களிமண்ணும். பெரியது லேசாக இருப்பதைத் தராசு காட்டும் நேரத்தில் முகத்தைப் பாருங்கள். இரண்டு கையையும் மறுபடி கூடைக்குள் விட்டு அதே இரண்டையும் திரும்ப எடுத்துப் போடும். அந்த இடத்தில் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

பேச்சு

"எத்தனை?" என்று கேட்காதீர்கள். ஒன்று முதல் பத்து வரை ஒப்பிக்கும் குழந்தைக்கும் எண்ணிக்கை புரிந்துவிட்டதாகச் சொல்ல முடியாது. கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், பொம்மைகளை எண்ணிக் காட்டத் தெரிந்த சிறு பிள்ளைகளே "மூன்று கொடு" என்றதும் எண்ணாமல் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்தார்கள். முதலில் ஒன்று, மாதங்கள் கழித்து இரண்டு, பின்னர் மூன்று என்றுதான் அது வருகிறது. கேள்விக்குப் பதிலாக நடப்பதைச் சொல்லுங்கள்: "ரொம்பிடுச்சு", "இன்னும் கொஞ்சம்", "கல்லு கனம், இலை லேசு", "இதுவும் அதுவும் ஒரே நீளம்", "தீர்ந்துபோச்சு". எல்லாவற்றையும் "பெரிசு" என்று சொல்லிவிடாமல் நீளம், உயரம், கனம், அகலம் என்று பிரித்துச் சொன்னால் பிள்ளை எதை ஒப்பிடுகிறது என்பது அதற்கே தெளிவாகும். பத்து நிமிடம் நின்றால் அது நீண்ட அமர்வு. கருவியை விட்டு எறும்பைப் பின்தொடர்ந்து போனால் போகட்டும்.

சின்னச் சின்னதாக இன்னும் சில

உடம்பால் அளக்க, இரு பக்கமும் திறந்த அட்டைப் பெட்டிகள்: 25, 35, 50 செ.மீ. வாய். ஒன்றரை முதல் இரண்டரை வயதுப் பிள்ளைகள் சில நேரம் பொம்மைக் காருக்குள்ளேயே கால் விட்டு ஏறப் பார்ப்பார்கள். ஜூடி டெலோச்சும் உடன் ஆய்வாளர்களும் 2004-இல் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெட்டிக்குள் நுழைந்து பார்ப்பது அந்த வயதுக்கேற்ற அளவை. ஆனால் 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடையே எந்தத் துளையும் வைக்காதீர்கள். உடம்பு நுழைந்து தலை சிக்கும் அளவு அது.

செடி வளர்வதைப் பார்க்கச் சூரியகாந்தி நல்லது, வேகமாக உயரும். விதையைப் பெரியவரே ஊன்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை காகிதப் பட்டை ஒன்றைத் தரையிலிருந்து நுனி வரை பிடித்துக் கத்தரித்து, அணைப்பலகையில் பட்டைகளின் அடி முட்டுமாறு வரிசையாக ஒட்டுங்கள். பருத்தி நூலால் அளக்க வேண்டாம், ஈரம் பட்டால் சுருங்கிவிடும். குழந்தையின் உயரத்தையும் இப்படிக் குறிக்கலாம், ஆனால் மாதந்தோறும் வேண்டாம். இரண்டு வயதுக்குமேல் மாத வளர்ச்சி ஒரு செ.மீ.க்கும் குறைவு, நிற்கும் வாகிலும் காலை மாலை வேறுபாட்டிலுமே அந்த அளவு பிழை வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு பட்டை, காலையில், வெறுங்காலோடு.

நிழலைச் சாக்பீஸால் வரையலாம். ஒரு மணி நேரம் கழித்து அதே இடத்தில் நிறுத்தினால் நிழல் கோட்டைவிட்டு விலகியிருக்கும். காலை அல்லது சாயங்காலம்தான், உச்சி வெயிலில் நிழலும் குட்டை, தரையும் சுடும். மழைநீர் பிடிக்க வழிதுளை போடாத நேர்ப்பக்க டப்பா ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, மழை விட்டதும் டேப் ஒட்டி மட்டம் குறியுங்கள். புனல் வைக்காதீர்கள், வாய் பெரியதாகிவிட்டால் மட்டம் மழையைக் காட்டாது, புனலைக் காட்டும்.

பராமரிப்பு

மழைக்காலத்தில் கோலின் நடுத்துளை உப்பி போல்ட்டைப் பிடிக்கும். வெட்டிய முனைகளுக்கும் துளைகளின் உட்பக்கத்துக்கும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு கொடுத்து ஒவ்வொன்றையும் நன்றாகக் காயவிட்டால் குறையும். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கக் கூடியது. விரித்துக் காயவைத்து அப்புறப்படுத்துங்கள். மாதம் ஒருமுறை இடம் மாற்றும் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். வழிதுளை டப்பாக்களில் பாசி படிந்தால் துளை சுருங்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போய்விடும். மணலைப் பயன்படுத்தாத நேரமெல்லாம் மூடி வையுங்கள். பூனையோ நாயோ மலம் கழித்துவிட்டால் புழு முட்டைகள் மணலிலேயே நெடுநாள் தங்கும்; மேலாக அள்ளி எறிவதில் அது தீராது, முழு மணலையும் மாற்றிவிட வேண்டும். விளையாடி முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல், நகக்கண் உட்பட.